அது மயக்கம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேலூர்ப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த பெண் ஒருவர் பாம்பு கடித்து ‘மயங்கி’ இறந்ததாக நம் நாளிதழில் சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. அந்த ‘மயங்கி’ என்ற சொல் என்னை இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்தேன். மயக்க மருந்து கொடுத்த எலியின் கழுத்திலிருந்து, மூச்சை உள்ளே இழுக்கும் தசையான உதரவிதானத்துக்கு இறங்கும் நரம்பைப் பிரித்து, வெள்ளிக் கம்பிக் கொக்கியில் ஏற்றி வைப்போம். தையல் நூலைவிட மெல்லிசு. அதில் ஓடும் மின்துடிப்பைப் பெருக்கி ஸ்பீக்கரில் விட்டால், மூச்சு காதில் கேட்கும். மெதுவாகத் தொடங்கும், ஏறும், இரைச்சலாகும், சட்டென்று அறுந்துவிடும். கொஞ்சம் அமைதி. மறுபடி அதே. தகரக் கொட்டகை மேல் மழை வீசி வீசிப் போவது போல இருக்கும்.

இரைச்சல் ஏறுவதற்குக் காரணம் உண்டு. கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கும் நரம்புச் செல்கள் எல்லாம் ஒன்றாக வேலைக்கு வருவதில்லை. சின்னவை முதலில் துடிக்கும், பெரியவை பின்னால் சேரும், மிகப் பெரியவை இருமலுக்கும் தும்மலுக்கும்தான் எழுந்து வரும். இவற்றுக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது மேலே மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள நரம்புச் செல்களின் ஒரு சின்னக் கூட்டம். 1991-இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் எலிக்குஞ்சின் மூளைத்தண்டைச் சீவல் சீவலாக வெட்டி அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். உடம்பே இல்லாமல் அந்த ஒரு சீவல் தாளத்தை விடாமல் போட்டது.

இன்னொரு சோதனையும் மாணவர்களுக்குக் காட்டுவோம். எலியின் உதரவிதானத்தை நரம்போடு எடுத்து உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அம்பில் தடவும் விஷமான குராரி வகை மருந்தைச் சேர்ப்போம். அப்புறம் நரம்பைத் தூண்டினால் தசை அசையாது. அதே தசையை நேரே தூண்டினால் துள்ளும். நரம்பும் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது, இரண்டும் சேரும் இடத்தில்தான் சேதி நின்றுவிட்டது.

கட்டுவிரியன் செய்வதும் இதைத்தான். ஊரில் எட்டடி விரியன் என்பார்களே, அதுதான். அதன் விஷம் நரம்பின் நுனியையே அழித்துவிடும். மூளை தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், தசைக்கு எட்டாது.

போன ஐப்பசி மழையில் என் தங்கச்சி மகனுக்கு இப்படி ஆனது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தான். ராத்திரி சாப்பிட்ட பரோட்டா என்று ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் இல்லை, கடித்த தடமும் தெரியவில்லை. “அண்ணே, இவன் கண்ணு சொருகிக்கிட்டே போகுது” என்று தங்கச்சி போன் செய்தாள். எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேட்டேன். முடியவில்லை. 108-க்கு அடிக்கச் சொன்னேன். ஒத்தக்கடையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அதற்குள் நெஞ்சு அசைவது நின்றுவிட்டது. வண்டியில் இருந்த பையன் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு தடவைகூடக் கை மாற்றவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து போட்டார்கள். ஆனாலும் அழிந்த நரம்பு நுனி திரும்ப முளைக்கும் வரை வென்டிலேட்டர்தான். 6 நாள் ஆயிற்று. பேச்சு வந்ததும் அவன் சொன்னான்: “மாமா, அம்மா அழுதது, யாரோ முடிஞ்சுபோச்சுன்னு சொன்னது, எல்லாம் கேட்டுச்சு. கண்ணைத்தான் திறக்க முடியலை.”

அவனுக்கு ஒரு நொடிகூட மயக்கம் இல்லை. பேச்சு மூச்சு இல்லை என்று வண்டியைத் திருப்பியிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது.

ஐயா, அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். இரவில் தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிற்றுவலி, இமை சரிவு, விழுங்க முடியாமை வந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்தாவது ஊதிக்கொண்டே போங்கள், அவருக்குக் காது கேட்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
ஒத்தக்கடை, மதுரை.