பஹ்ரைனின் மண்மேடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பஹ்ரைனில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஹமத் டவுன் பக்கம் வரிசையாகத் தெரியும் மேடுகளை, ஏதோ கட்டட வேலைக்குக் கொட்டிய மண் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவை கல்லறைகள். ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழையவை!

அந்தக் காலத்தில் பஹ்ரைனில் செழித்திருந்த தில்முன் என்ற பழைய நாகரிகத்தின் மக்கள் கி.மு. 2050 முதல் 1750 வரை எழுப்பியவை இவை. நடுவில் கல்லால் ஓர் அறை, அதைச் சுற்றி வட்டமாகத் தாழ்வான கற்சுவர், இடையில் மண்ணும் சரளையும். இறந்தவரை முழங்கால் மடக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் பானையும் வைத்திருக்கிறார்கள். தாய் வயிற்றில் பிள்ளை கிடப்பதுபோல. அதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆலி ஊரில் அரசர்களின் மேடுகள் வீடுகளுக்கு நடுவே மாடி உயரத்துக்கு நிற்கின்றன. அதே ஊரில் குயவர்கள் இன்றும் பானை வனைகிறார்கள்.

2019இல் யுனெஸ்கோ 21 இடங்களிலுள்ள 11,774 மேடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சரி, ஆனால் அதற்குள் வீட்டுமனைக்கும் சாலைக்குமாகப் பல்லாயிரம் மேடுகள் போய்விட்டன. நினைத்தால் வயிறு எரிகிறது.

வளைகுடா என்றாலே விசா, சம்பளம், தங்கம் என்றுதான் நம் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. இதையும் எழுதுங்கள் ஐயா. அங்கிருக்கும் நம் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமையாவது ஆலிக்குப் போய் வரட்டும். மேட்டின் மேல் மட்டும் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
ஊர் திரும்பிய ஒரு வாசகர்