2022–23ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள்தான் அதிகம்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கம் வந்த பக்தர்களுக்குச் சித்திரை வீதி முனையில் குடிநீர் கொடுத்தோம். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தப் போதுமான ஆள்) இல்லாமல் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இனி, முதியோர் இல்லங்களுக்கே எக்ஸ்ரே மெஷினை வரவழைத்த விஷயம். இதைப் பற்றிப் பல பேச்சு அடிபடுவதால் விவரமாகவே எழுதுகிறேன்.

2022 நவம்பரில் மராமத்துக்காக, ஸ்ரீரங்கத்தைத் திருச்சி டவுனோடு இணைக்கும் காவிரிப் பாலத்தை மூடினார்கள் அல்லவா, அதிலிருந்து நம் பகுதியின் இரண்டு முதியோர் இல்லங்களும் திண்டாடின. ஒரு எக்ஸ்ரேவுக்கு டவுன் போக ஆம்புலன்ஸ் தேசிய நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். இங்கேயே எடுக்கலாமே என்று கேட்கலாம். பக்கத்தில் இருக்கும் சென்டர் மாடியில், லிஃப்ட் கிடையாது. டிசம்பரில் ஒரு பெரியவரை நாற்காலியோடு படியேற்றினார்கள். நாற்காலியின் ஒரு காலை நானும் பிடித்தேன். பாதிப் படியில் அவர், "என்னை இங்கேயே விட்டுடுங்கோ" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், மெஷின்தான் அவரிடம் வர வேண்டும்.

செயற்குழுவைக் கேட்காமல் ஏற்பாடு செய்ததாகக் குறை சொல்கிறார்கள். கேட்கத்தான் கூட்டம் போட்டேன், கோரம் இல்லை என்று மேலே சொன்ன இரண்டில் ஒன்று அது.

ஜனவரி, பிப்ரவரியில் மூன்று நாள் ஒரு குழு வந்தது. பேட்டரியில் ஓடும் மெஷின், ஸ்லேட்டுப் பலகை மாதிரி, படத்தைப் பிடிக்கும் ஒரு டிடெக்டர், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். எக்ஸ்ரே மெஷின்களுக்கு அனுமதி தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே உள்ளே விட்டேன். ஈயக் கவசம் போட்ட டெக்னீஷியன் மட்டும் அறையில் நிற்க, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். படம் சில நொடியில் லேப்டாப்பில் விழுந்தது. ரிப்போர்ட்டை ரேடியாலஜி டாக்டர் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டார்.

முதல் நாள் ஒரு பாட்டிக்கு நெஞ்சுப் படம். துளசி மாலையைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். படத்தில் மணி நிழல் விழும் என்றால், "விழட்டுமே, பெருமாள்தானே" என்கிறார். அந்த டெக்னீஷியன் பையன் கெட்டிக்காரன், மாலையைக் கழற்றாமலே மேலே ஏற்றி மோவாயில் மாட்டிவிட்டான். முதுகுக்குக் கீழே பலகையைச் செருகியதும் பாட்டி, "ஜில்லுன்னு இருக்குடா" என்று பிடித்திருந்த மூச்சை வெளியே விட்டுவிட்டார். திரும்ப இழுத்துப் பிடிக்கச் சொல்லி இரண்டாம் முறை எடுத்தோம்.

குளியலறையில் விழுந்து நாலு நாளாகத் தைலம் தடவிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தொடை எலும்பின் கழுத்து (இடுப்போடு சேரும் பகுதி) முறிந்திருந்தது தெரிந்தது. அவரை எப்படியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டியிருந்தது. பிறகு எதற்கு இந்தச் செலவு என்று ஒரு உறுப்பினர் கேட்டார். விழுந்தவர்களில் மற்றவர்களுக்கு முறிவே இல்லை ஐயா, அவர்களை அலைக்கழிக்காமல் விட்டோமே, அதற்குத்தான்.

படுக்கையில் எடுத்த படத்தில் ஒரு குறையும் உண்டு. முன்பக்கமிருந்து எடுப்பதால் இதய நிழல் பெரிதாக விழும். வாட்ஸ்அப்பில் படம் பார்த்த ஒரு மகள் வெளிநாட்டிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு இதயம் வீங்கிவிட்டதா என்று அழுதார். மறுநாள் டாக்டர் பேசிய பிறகே சமாதானமானார்.

அப்படியே வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் கொண்டுவரலாமே என்றார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்த இடத்தைவிட்டு அந்த மெஷினை நினைத்தபடி வெளியே எடுத்துவர முடியாது. எண்பத்தைந்து வயதுப் பாட்டிக்குமா என்று சிரிப்பு வரும். ஆனால் மெஷினைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களால் வந்த கட்டுப்பாடு அது, அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

உதவிக்கு வருவதாகக் கைதூக்கியவர்கள் பதினொரு பேர். வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் என் மனைவி. ஒருவருக்குத் திருப்பதி, ஒருவருக்குப் பேத்தி ஆண்டுவிழா, சரி. மற்றவர்கள் அன்று காலையும் குரூப்பில் பூப்படத்தோடு காலை வணக்கம் போடத் தவறவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. பெயர்களை வாசிக்க நம் சங்க விதியில் இடமிருக்கிறது என்றாலும் இப்போதைக்கு வேண்டாம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவுக்கும் செலவுக்கும் சின்னத் துண்டு விழுந்தது, அதை ஒருவர் கைப்பணம் போட்டு அடைத்தார். யார் என்று நான் சொல்லக் கூடாது.

தலைவர், துணைத் தலைவர், கணக்குத் தணிக்கையாளர், மைக் செட் கொடுத்தவர், இரு இல்லங்களின் ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி.

மார்ச்சில் பாலம் திறந்தாயிற்று, இனி எதற்கு என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. பாலம் திறந்தது, அந்த மாடிப்படி அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை வர அந்தக் குழு தயார், முன்பணம் கேட்கிறார்கள். எனக்கும் அறுபத்தொன்பது ஆகிறது, முழங்கால் பேசுகிறது. இளையவர் யாராவது இந்தப் பொறுப்பை ஏற்றால் சாவியை இன்றே கொடுக்கிறேன். அதுவரை, ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சில்லறையும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்