பேட்டரிக்கு 8 ஆண்டு, மற்றதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மின்சாரக் கார் கட்டுரையில், "பேட்டரிக்கே 8 ஆண்டு உத்தரவாதம் இருப்பதால் பழுதுச் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஷோரூமில் சொல்வதைக் கட்டுரையாளர் அப்படியே எழுதிவிட்டார் போலிருக்கிறது. ஆனால் உங்கள் பத்திரிகையில் வந்துவிட்டால் அதை நம்பிச் சேமிப்பை எடுத்துப் போடும் குடும்பங்கள் உண்டு. தங்களுக்குத் தெரியாததல்ல.

ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது என்பதெல்லாம் உண்மைதான். 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல நிறுவனங்கள் தருவதும் உண்மை. ஆனால் அது பேட்டரிக்கும் மோட்டாருக்கும். வீட்டுக்கு வரும் மாறுதிசை (ஏசி) மின்சாரத்தை நேர்திசை (டிசி) மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும், வண்டிக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர், விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் கன்வர்ட்டர், முன்னால் இருக்கும் திரை எல்லாவற்றுக்கும் என் வண்டியில் 3 ஆண்டுப் பொது உத்தரவாதம் மட்டும்தான். அது முடிந்து சில மாதங்களிலேயே சார்ஜர் போய்விட்டது.

சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, "யூனிட்டையே மாத்தணுங்க சார்" என்றார்கள். கூலி, வரி எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் 1 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். அதுவும் ஸ்டாக் இல்லை, முன்பணம் கட்டினால் வரவழைப்பார்களாம். திறந்து பார்த்து, போன பாகத்தை மட்டும் மாற்றக் கூடாதா என்று கேட்டேன். கம்பெனியில் அனுமதி இல்லையாம். வெளியில் சரிசெய்து கொண்டுவந்தாலும் வண்டியின் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும்படி கோடிங் போட்டுத் தர மாட்டார்களாம்.

நான் பஞ்சாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். ரிங் பிரேம் எனும் நூற்பு இயந்திரத்தின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பழுதானால், இங்கே கோவையிலேயே கணபதிக்கோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்கோ கொடுத்தனுப்புவோம். அங்கே சின்னச் சின்னப் பட்டறைகளில் பையன்கள் போர்டைக் கழற்றி, மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சும் ஸ்விட்சான ஐஜிபிடி வெடித்திருந்தால் அதையும் வீங்கிய கெபாசிட்டரையும் மாற்றி, லோடு போட்டுச் சோதித்துத் தருவார்கள். புது டிரைவ் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். கார் சார்ஜருக்குள் இருப்பதும் அதே ஜாதி எலக்ட்ரானிக்ஸ்தான். தண்ணீர் புகாமல் அடைத்திருப்பார்கள், உயர் மின்னழுத்தம் வேறு, பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது. எல்லாம் சரி. பயிற்சி கொடுங்களேன். சர்க்யூட் படத்தைக்கூட ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

இப்போது என் வண்டியில் பொதுச் சார்ஜிங் நிலையத்து டிசி பாஸ்ட் சார்ஜரில் மட்டும்தான் சார்ஜ் ஏறுகிறது, அது ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமல் நேரே பேட்டரிக்குப் போவதால். அவிநாசி சாலையில் போய் வரிசையில் நின்று, வீட்டு மின்சாரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து ஏற்றிக்கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை மருதமலைக்குப் போவதையே என் மனைவி சார்ஜ் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். மின் கோளாறும் இயந்திரக் கோளாறும் வழக்கமான வாகன பாலிசியில் சேராது. வாங்கும்போது 5 சதவீத ஜிஎஸ்டி, சாலை வரி விலக்கு என்று அரசு கை கொடுத்தது, நன்றி. அதே வண்டி படுத்துக்கொண்டால் உதிரிபாகத்துக்கு 18 சதவீதம்.

இது காரோடு மட்டும் வந்த வியாதியும் இல்லை. வாஷிங் மெஷினில் போர்டு போனபோது மிஷின் விலையில் பாதி கேட்டார்கள். டிவியில் பேனல் போனபோது புதுசு வாங்குங்கள் என்றே சொல்லிவிட்டார்கள். அப்போதும் தங்களுக்குக் கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. இடமின்மை என்று நினைத்துக்கொண்டேன், ஆனாலும் வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. பெட்ரோல் கார் விஷயத்திலேயே, வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் சோதனைக் கருவியும் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில், வணிகத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அப்புறம் மேல்முறையீடு, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல முயற்சி. ஆனால் உதிரிபாகமும் மென்பொருளும் வெளிப் பட்டறைக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் குறிச்சிப் பையன் என் வண்டியைத் தொட முடியும்.

நிறுவனங்கள் நினைத்தால் முடியாததும் அல்ல. டெஸ்லாவின் பழைய மாடல்களில் நினைவகச் சிப் தேய்ந்து திரை அணைந்துபோனது. முதலில் உத்தரவாதம் முடிந்தவர்கள் கைக்காசு போட்டு மாற்றினார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு நெருக்கிய பிறகு, 2021இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள். ஹூண்டாய் அயோனிக் 5இல் சார்ஜிங் கட்டுப்பாட்டு யூனிட் கோளாறுக்காக 2024இல் இந்தியாவிலேயே 1,744 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. என் வண்டி அது அல்ல. அங்கே கேட்க ஆள் இருந்தது, செய்தார்கள். என் வண்டிக்கு நான் ஒருவன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தங்களிடம் கேட்பது பெரிதல்ல. மாதாமாதம் கார்களை ஒப்பிட்டு அட்டவணை போடுகிறீர்கள். சன்ரூப் உண்டா, எத்தனை ஸ்பீக்கர் என்பது வரை அதில் வருகிறது. மின்சாரக் கார்களுக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: ஆன்போர்டு சார்ஜருக்கும் கன்வர்ட்டருக்கும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதன்பின் மாற்றினால் என்ன விலை. நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், தரவில்லை என்றே அந்தக் கட்டத்தில் அச்சிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
பீளமேடு, கோவை-4