மரத்துக்கு ஐந்தே முக்கால் ரூபாய்: நிவாரணம் ஏறிய வாழைத் தோட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சிறுமுகை, சத்தியமங்கலம், கோபி, அந்தியூர்ப் பக்கத்து வாழைத் தோட்டத்தாருக்கு, வணக்கமுங்க.

கோடைக் காற்றில் சாய்ந்த வாழைக்குக் கணக்கெடுத்துப் போனதையே பாதிப் பேர் மறந்திருப்பீர்கள். இப்போது எதிர்பாராமல் வங்கியில் பணம் ஏறியிருக்கிறது. வீட்டில் பேச்சு தொடங்கியிருக்கும்: சீர், பள்ளிக்கூடக் கட்டணம், மோட்டார் காயில், உரக்கடைப் பாக்கி. எல்லாம் நியாயமான செலவுதான். ஆனால் இந்தப் பணத்தை நாலாகப் பிரித்தால் நாலு இடத்திலும் பற்றாது. ஒரே இடத்தில் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அளவைப் பாருங்கள். 2022-26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிவாரண விதிப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்; 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 6,880. நேந்திரனை ஆறடிக்கு ஆறடி வைத்திருந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,210 மரம். மரத்துக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் ரூபாய்! ஏழடி இடைவெளியில் பூவன், ரஸ்தாளி வைத்தவர்களுக்கு ஏறக்குறைய ஏழே முக்கால் ரூபாய் வரும். போன தாருக்கு இது ஈடாகாது என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த தாரைக் காக்க இதில் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

தோட்டத்துக்குப் போகும் முன் கடன் நோட்டைப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று வட்டியில் 10,000 வாங்கியிருந்தால் மாதம் 300, வருசம் 3,600 போகிறது. அப்படி ஒரு கடன் இருந்தால் பணம் முழுவதும் அங்கேதான் போக வேண்டும். மேலே படிக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் வேறு வகை. கெடுவுக்குள் கட்டினால் அதற்கு வட்டியே இல்லை. கெடுவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அதில் கொண்டுபோய்க் கட்டுவதால் ஒரு பைசா லாபமும் கிடையாது. ஆனால் கெடு அடுத்த மாதம், தொகையில் கொஞ்சம்தான் குறைகிறது என்றால் இந்தப் பணத்தைப் போட்டு முடித்துவிடுங்கள். கெடு தாண்டினால் வட்டியும் அபராத வட்டியும் சேர்ந்து நிற்கும்.

கடன் தொல்லை இல்லாதவர்கள், போன முறை மரம் எப்படி விழுந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒடிந்ததா, வேரோடு சாய்ந்ததா? இரண்டுக்கும் மருந்து வேறு.

தண்டு இடையில் முறிந்திருந்தால் பழியைக் காற்றின் மேல் மட்டும் போட முடியாது. முறிந்த இடத்தில் துளையும் சுரங்கமும் இருந்தால், நிற்கிற மரத்தில் பிசின் வடிந்தால், அது தண்டுக் கூன்வண்டு. உள்ளே குடைந்துவிட்ட மரத்துக்கு முட்டுக் கொடுத்தாலும் முட்டுக்கு மேலே ஒடியும். இதற்குப் பணத்தை விட ஆள்தான் வேண்டும். சருகை அறுத்து எடுங்கள். விழுந்த தண்டைத் தோட்டத்தில் போட்டு வைக்காதீர்கள், வண்டு அதில்தான் பெருகும். நல்ல தண்டை ஓரடி நீளத்தில் நறுக்கி, நெடுக்கப் பிளந்து, வெட்டு முகத்தில் பிவேரியா பேசியானா (வண்டைக் கொல்லும் பூஞ்சை) பூசி, ஏக்கருக்கு 40 இடத்தில் வெட்டு முகம் தரையைப் பார்க்க வையுங்கள். தண்டு காய்ந்தால் வண்டு வராது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பலர் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள், பிறகு பொறி பலிக்கவில்லை என்கிறார்கள்.

துளை இல்லாமலே முறிந்திருந்தால் சாம்பல் சத்துக் குறைவோ என்று சந்தேகப்படுங்கள். நேந்திரனுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை மரத்துக்கு 150 கிராம் தழைச் சத்து (நைட்ரஜன்), 90 மணிச் சத்து (பாஸ்பரஸ்), 300 சாம்பல் சத்து (பொட்டாசியம்). 300 கிராம் சாம்பல் சத்து என்றால் அரை கிலோ பொட்டாஷ். ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டைக்கு மேல். நிவாரணத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். யூரியாவைத் தாராளமாகப் போட்டுப் பொட்டாஷில் கை வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். மரம் கரும்பச்சையாக நிற்கும், ஒரு காற்றுக்குத் தாங்காது.

வேரோடு சாய்ந்தது வேறு கதை. மறுதாம்பில், அதாவது வெட்டிய மரத்தின் பக்கக் கன்றையே வளர்க்கும்போது, கட்டை ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி வரும். மண் அணைக்காவிட்டால் வேர் பிடிக்க இடமில்லை. சாய்ந்த மரத்தின் வேரை நெடுக்கக் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடு ஓடியிருந்தால் அது வேரைத் தின்னும் நூற்புழு. அந்த நிலத்தில் முட்டுக்குச் செலவழிப்பது வீண். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்கள் ஒரு போகம் நெல்லுக்கு மாற்றிவிடலாம். கிணற்றுத் தோட்டத்தார் கன்றைச் சீவி நேர்த்தி செய்து நட்டு, இடையில் செண்டுமல்லி போடலாம்.

மரமும் மண்ணும் நன்றாக இருந்தும் சாய்ந்தது என்றால்தான் கயிறும் கம்பும். எல்லா மரத்துக்கும் சவுக்குக் கம்பு இந்தப் பணத்தில் நடக்காது. மேற்கு ஓரத்து மூன்று வரிசை, வண்டித் தடத்தை ஒட்டியவை, இடையில் மரம் செத்து வெட்டவெளியான இடம், இவற்றுக்கு மட்டும் கம்பு கொடுங்கள். கம்பின் அடி ஒன்றரை அடி ஆழத்தில் போக வேண்டும்; மேல்முனை தார் சாயும் பக்கத்தில், கழுத்துக்குக் கீழே தாங்க வேண்டும். மற்ற மரத்துக்குப் பிளாஸ்டிக் கயிறு போதும். மரத்துக்கு 25 அடி என்றால் ஏக்கருக்கு 30,000 அடிக்கு மேல் வரும்; கயிற்றை விடக் கூலி கூட ஆகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஒரு மரத்தின் தலையை இன்னொரு மரத்தின் தலையோடு கட்டினால் ஒன்று விழும்போது வரிசையையே இழுத்துப் போடும். இந்த மரத்தின் கழுத்திலிருந்து, தார் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் மரத்தின் அடியில் கட்ட வேண்டும். கழுத்தில் சருகை மடித்து வைத்து அதன்மேல் கயிறு போடுங்கள், இல்லாவிட்டால் கயிறே தண்டை அறுத்துவிடும். பங்குனி முடிவதற்குள் கட்டி முடித்தாக வேண்டும்.

சொந்த நிலமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இது எதுவும் இல்லை, காற்றுத் தடுப்பு வேலிதான். சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 210 அடி. மூன்றடிக்கு ஒன்று என இரண்டு வரிசை, எதிரெதிராக இல்லாமல் மாற்றி மாற்றி வைத்தால் 140 சவுக்குக் கன்று. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்குக் குளோன் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் காக்கும்; 20 அடி உயரம் வந்தால் ஏக்கர் முழுக்க அதன் மறைவில் இருக்கிற மாதிரிதான். வேர் போட்டி போடாமல் இருக்க வாழைக்கும் சவுக்குக்கும் இடையே எட்டடி விட்டு, இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். வேலி சுவர் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். மேற்கே வைத்தது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நன்றாகத் தாங்கும். கோடை மழைக்கு முன் வரும் சூறைக்கு ஒரு திசை கிடையாது, அதை மறந்துவிட வேண்டாம்.

ஓணத்துக்கு வெட்ட ஐப்பசியில் நேந்திரன் நடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மரம் சித்திரை, வைகாசியில் முழு உயரத்தில், குலை தள்ளும் நேரத்தில் நிற்கும். ஓண விலைக்காக எடுக்கிற ஆபத்து அது. எடுப்பதானால் கயிற்றுச் செலவையும் சேர்த்து எடுங்கள்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் கட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். கட்டலாம், ஆனால் இழப்பீடு வட்டார விளைச்சலை வைத்துத்தான் வரும். தனித் தோட்டத்துச் சேதத்துக்கான பட்டியலில் ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம், மேகவெடிப்பு, மின்னல் தீ உண்டு, காற்று இல்லை. உங்கள் தோட்டம் மட்டும் சாய்ந்தால் கைக்கு ஒன்றும் வராது.

கடைசியாகப் பட்டாதாரர்களுக்கு. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருந்து, பணம் உங்கள் பெயரில் ஏறியிருந்தால், அது கன்றும் உரமும் கூலியும் போட்டவருடைய பணம். குத்தகைப் பாக்கியில் கழித்துக்கொள்ளாமல் அவர் கையில் கொடுங்கள். அடுத்த சாகுபடிக்கு அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கு ஏட்டில்) அவர் பெயர் ஏற, கிராம நிர்வாக அலுவலரிடம் இருவருமாகப் போய் எழுதிக் கொடுங்கள். கணக்கெடுக்க வருகிறவர்கள் பார்ப்பது அந்த ஏட்டைத்தான்.

இப்படிக்கு,
பவானிக் கரையில் வாழை வைக்கும் சிலர்