வரிசையில் என் இடம் எங்கே? இருபது மாதமாகியும் வராத கார் பற்றிய புகார்

அனுப்புநர்: 2024 மார்ச்சில் முன்பதிவு செய்த வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர், இந்தியத் தலைமை அலுவலகம்
நாள்: 10.11.2025

பொருள்: முன்பதிவு செய்த ஸ்போர்ட்ஸ் கார் வராதது, எனக்குப் பின் பதிவு செய்தவருக்கு முதலில் தந்தது, கூடுதல் பொருள் வாங்கச் சொல்லி வற்புறுத்துவது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். 2024 மார்ச் 14 அன்று உங்கள் டீலரின் ஷோரூமில் பத்து லட்சம் ரூபாய் முன்பணம் கட்டி, உங்கள் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை புக் செய்தேன். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், கரும்பச்சை நிறம். ஒன்பது மாதத்தில் வந்துவிடும், டிசம்பரில் ஓட்டலாம் என்றார்கள். இன்றைக்கு இருபது மாதம் ஆகிவிட்டது. வண்டி வரவில்லை. வண்டி கட்ட ஆரம்பித்தார்களா இல்லையா என்பதைக்கூட யாரும் எழுத்தில் சொல்லவில்லை.

தாமதத்துக்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இறக்குமதி வண்டிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தே பணம் கட்டினேன். எனக்கு ஏழு மாதம் கழித்து அதே ஷோரூமில் அதே காரை புக் செய்தவர், ஆறு மாதத்துக்கு முன்பே வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பரில் சேல்ஸ் மேனேஜர் போன் செய்து, "சார், உங்களுக்கு அலாட்மென்ட் வந்துவிட்டது, நவம்பரில் வண்டி கட்டுவார்கள்" என்றார். மறுநாளே ஷோரூமுக்குப் போய் சீட் தையல் நூலின் நிறம் முதல் சக்கர டிசைன் வரை எல்லாவற்றையும் முடிவு செய்து கையெழுத்துப் போட்டேன். இனி எதையும் மாற்ற முடியாது, ஆலைக்குப் போய்விடும் என்றார்கள். நவம்பரில் கேட்டால், அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போய்விட்டது. 2025 பிப்ரவரியில் கேட்டால், இந்த ஆண்டு எங்கள் ஷோரூமுக்கு மொத்தமே மூன்று வண்டிதான், அதில் இரண்டு ஏற்கெனவே பேசி முடித்தவை. ஜூனில் அந்த மேனேஜர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் என் பைலைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஆனது. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு அதிர்ச்சி. செப்டம்பரில் எனக்கு வந்ததாகச் சொன்ன அலாட்மென்ட் என் பெயரில் பதிவாகவே இல்லை. ஆலை ஆர்டர் எண் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா, அது என் பைலில் இல்லை.

அலாட்மென்ட் என்றால் என்ன என்பதை இந்த இருபது மாதத்தில் நானே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது வண்டி அல்ல. ஆலையில் ஒரு வண்டிக்கு ஆர்டர் போட டீலருக்குக் கிடைக்கும் அனுமதி. வெளிநாட்டுத் தலைமையகம் இந்தியாவுக்கு இத்தனை என்று ஒதுக்குகிறது, நீங்கள் அதை டீலர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள், டீலர் தன் புக்கிங் பட்டியலில் ஒருவரின் பெயரை அதில் எழுதுகிறார். வாடிக்கையாளருக்குத் தெரிவது கடைசிப் படி மட்டும். அந்தப் படியில் யார் பெயர் எழுதப்படுகிறது, எந்த வரிசையில், யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் வெளியில் இல்லை. நான் பணம் கட்டியது வண்டிக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு பட்டியலில் பெயர் இருப்பதற்குத்தான் கட்டியிருக்கிறேன். அந்தப் பட்டியலையும் எனக்குக் காட்ட மறுக்கிறார்கள்.

கோவையின் கணபதிப் பகுதியில் எனக்கு ஒரு சிறிய ஃபவுண்டரி (இரும்பு வார்ப்புப் பட்டறை) இருக்கிறது. பம்ப் செட் கம்பெனிகளுக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுக்கிறோம். மூலப்பொருளான பிக் அயர்ன் விலை ஏறிய மாதங்களில், மின்வெட்டு இருந்த வருடங்களில், சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுக்க முடியாமல் நானும் தவித்திருக்கிறேன். ஆனால் ஆர்டர் புக்கில் தேதி போட்டு எண் எழுதுவோம். நூறு பீஸ் கேட்டவரானாலும் பத்தாயிரம் பீஸ் கேட்டவரானாலும், எப்போது வந்து கேட்டாலும் அந்தப் புக்கைத் திறந்து "உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்" என்று காட்டிவிடுவோம். திட்டுவார்கள், ஆனால் காத்திருப்பார்கள். ஒரு சிறிய பட்டறையால் முடிகிற காரியம் உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை.

கடந்த மாதம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு டிராக் டே, அதாவது சொந்தக் காரை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். நண்பருடன் பார்க்கப் போயிருந்தேன். நான் கேட்ட அதே மாடல், அதே மேனுவல், நிறம் மட்டும் வேறு, பிட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் மிக நல்ல மனிதர். பேச்சு வளர்ந்தபோது, 2024 அக்டோபரில் புக் செய்ததாகவும் 2025 மே மாதம் டெலிவரி எடுத்ததாகவும் சொன்னார். ரசீதையும் போனில் காட்டினார். என் ரசீது எண்ணுக்கு வெகு பின்னால் இருந்தது அவருடைய எண். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். உங்கள் எஸ்.யூ.வி. ஒன்றையும் சேர்த்து வாங்கினாராம், அதனால் முன்னுரிமை கிடைத்ததாம். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருக்கு முன்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எனக்கே அந்தப் பேச்சு வந்தது. ஆறரை லட்ச ரூபாய்க்கு ஒரு ஆக்சஸரிஸ் பேக்கேஜ் எடுத்துக்கொண்டால் அடுத்த ஸ்லாட் உறுதி என்றார் புதிய மேனேஜர். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலைப் பட்டியலின் பிரதியை இணைத்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேக்கேஜ் வேண்டாம். மிதியடியும் கார்பன் ஃபைபர் ஒட்டலும் போட்டு ஆறரை லட்சம் கேட்பது வியாபாரம் என்றால் சரி, விருப்பமுள்ளவர் வாங்கட்டும். வரிசையில் முன்னால் வருவதற்கு அதை விலையாக வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

தாமதத்துக்கு உங்கள் தரப்பில் சொன்ன காரணங்களையும் நான் தட்டிக் கழிக்கவில்லை. செங்கடல் பிரச்சினையால் 2023 கடைசியிலிருந்து பெரும்பாலான கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருகின்றன என்றார்கள். உண்மைதான். நானும் வெளிநாட்டுக்கு வார்ப்பு அனுப்புகிறவன், கன்டெய்னர் வாடகை எனக்கும் ஏறியது. ஆனால் அந்தச் சுற்றுப் பாதைக்கு ஆகிற கூடுதல் நேரம் ஏறக்குறைய இரண்டு வாரம். பதினோரு மாதத் தாமதத்துக்கு அது பதில் ஆகாது. 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் அட்லாண்டிக்கில் தீப்பிடித்து, மார்ச் 1 அன்று ஏறக்குறைய நாலாயிரம் கார்களோடு மூழ்கியது. அதில் லம்போர்கினி அவெண்டடாரின் கடைசி வகை வண்டிகளும் போயின. அந்த மாடலின் தயாரிப்பை முடிக்கும் கட்டத்தில் இருந்த அந்த நிறுவனம், இழந்த வண்டிகளை வாடிக்கையாளர்களுக்காக மறுபடி கட்டிக் கொடுத்தது. வண்டி கடலுக்கு அடியில் போனவர்களுக்கே அவர்களுடைய வண்டி எது என்று தெரிந்திருந்தது. எனக்கு அப்படி ஒரு வண்டி எந்தத் தாளிலும் இல்லை.

இப்போது விலைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். புக் செய்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை ஒரு கோடியே 52 லட்சம். போன மாதம் தந்த புரொஃபார்மாவில் (விலை விவரத் தாளில்) ஒரு கோடியே 66 லட்சம். டெலிவரி அன்று இருக்கும் விலைதான் செல்லும் என்று புக்கிங் படிவத்தில் இருக்கிறது, படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். யூரோ ஏறிவிட்டது என்கிறார்கள். ஏறியது உண்மை. 2024 மார்ச்சில் 90 ரூபாய் அளவில் இருந்த யூரோ இந்த அக்டோபரில் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்ன 2024 டிசம்பரில் அது இன்னும் 90 ரூபாய் அளவில்தான் இருந்தது. சொன்ன மாதத்தில் வண்டி வந்திருந்தால் யூரோ என்னைத் தொட்டிருக்காது. இதற்கிடையே 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது. இந்த வகைக் காருக்கு முன்பு 28 சதவீத வரியும் அதன்மேல் 20 சதவீத செஸ்ஸும் இருந்தன, இப்போது மொத்தமே 40 சதவீதம். வரி குறைந்த பிறகும் 14 லட்சம் கூடுதல். இறக்குமதித் தீர்வையின் உட்பிரிவுகள் 2025 பட்ஜெட்டில் மாறினாலும், 40 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்தம் அதே 110 சதவீதமாகவே நிற்கிறது, அதனால் அதையும் காரணமாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். கூடிய 14 லட்சத்துக்கு அந்த வகையில் இன்னொரு இரண்டு லட்சத்து எண்பதாயிரம். ஆக, உங்கள் தாமதம் எனக்கு வைத்த பில் கிட்டத்தட்ட பதினேழு லட்சம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை வக்கீல் நண்பரோடு உட்கார்ந்து படித்தேன். அதன் பிரிவு 2(41) ‘கட்டுப்படுத்தும் வணிக முறை’ (restrictive trade practice) என்று இரண்டை எடுத்துச் சொல்கிறது. ஒன்று, ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டிச் சரக்கு தந்து அதனால் விலை ஏறுவது. மற்றொன்று, ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் வேறொரு பொருளையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை வைப்பது. என் விஷயத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன. வண்டியை என் சொந்தப் பெயரில்தான் புக் செய்திருக்கிறேன், ஃபவுண்டரி பெயரில் அல்ல. தொழிலுக்காக வாங்கியது, அதனால் நான் நுகர்வோர் அல்ல என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கார் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் நினைக்கலாம். சின்ன வயதில் அப்பா என்னைச் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள சோழவரத்துக்கு ரேஸ் பார்க்க அழைத்துப் போவார். பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயம் அது. எங்கள் ஊர் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து இளம் பையன்களை ஓட்ட வைத்தவர். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு மேனுவல் கியர் உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்பது முப்பது வருட ஆசை. அப்பாவுக்கு இப்போது 79 வயது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் போக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். 2024 டிசம்பரில் அவர் தானாக நடந்து வந்து ஏறியிருப்பார். இந்த ஆகஸ்டில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. தாழ்வான சீட்டில் இறங்கி உட்காருவது இனி எளிதல்ல என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைப்பிடி வைத்துப் பழகினால் அடுத்த கோடைக்குள் முடியலாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஷோரூமில் இந்த மாடலுக்கு வந்த எல்லா புக்கிங்குகளையும், பெயர்களை மறைத்துவிட்டு, தேதியோடும் டெலிவரி நாளோடும் எனக்குக் காட்டுங்கள். அதில் என் இடம் எத்தனையாவது என்று எழுதிக் கொடுங்கள். அடுத்து இந்தியாவுக்கு வரும் அலாட்மென்ட் ஒன்றை என் பெயரில் பதிவு செய்து, ஆலை ஆர்டர் எண்ணைத் தாருங்கள். விலையை 2024 டிசம்பரில் இருந்த விலையிலேயே வைத்து, ஜி.எஸ்.டி. குறைந்த பலனையும் அதில் கழித்துத் தாருங்கள். ஆக்சஸரிஸ் பேக்கேஜ் கட்டாயமல்ல என்று டீலருக்கு எழுத்தில் உத்தரவு போட்டு, அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள். இவற்றைச் செய்ய முடியாவிட்டால் பத்து லட்சத்தையும், கட்டிய நாளிலிருந்து வட்டி சேர்த்துத் திருப்பித் தந்துவிடுங்கள். ஆனால் நான் முதலில் கேட்பது வண்டியைத்தான், பணத்தை அல்ல.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். கட்டிய தொகை ஐம்பது லட்சத்துக்குள் இருப்பதாலும், நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருவதாலும் அதற்காக நான் வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ரசீது, 2024 செப்டம்பரில் கையெழுத்திட்ட விவரத் தாள், இரண்டு விலைப் புரொஃபார்மாக்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

தயவுசெய்து போனில் பேச வேண்டாம். இருபது மாதமாகப் போனில் நிறையப் பேசிவிட்டோம். பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ, பொறுப்பானவர் பெயரும் கையெழுத்தும் உள்ள பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
2024 மார்ச் 14 முதல் காத்திருக்கும் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்