பழைய பெட்டிக்குப் புது பிராசசர்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. வெயில் தணிந்ததும் இங்கே ஒரு வாரம் கூட்டிக்கொண்டு வா.

அப்புறம், கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக எழுதியிருந்தாயே, கொஞ்சம் பொறு. 2011இல் ரிச்சி தெருவில் இருவரும் சேர்ந்து போய் ஒரே மாதிரி ஆளுக்கொன்று வாங்கியதுதானே? எச்61 மதர்போர்டு, இன்டெல் ஐ3-2100 பிராசசர். என்னுடையதற்குப் போன மாதம் ஒரு பழைய ஐ5-3470 வாங்கிப் போட்டேன்.

பிராசசர் உட்காரும் சாக்கெட் அதே 1155தான், அப்படியே பொருந்தும் என்றார் விற்றவர். பொருந்தியது, ஆனால் ஃபேன் மட்டும் சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அந்த பிராசசர் வந்தது 2012இல். அதற்கு முன்பே வந்த நம் போர்டுக்கு பயாஸை, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் சொந்த புரோகிராமை, அப்டேட் செய்தால்தான் அதை அடையாளம் தெரியும். அதற்கோ பழைய பிராசசர் உள்ளே இருந்தாக வேண்டும். மறுநாள் ஐ3ஐத் திரும்பப் போட்டு, யூபிஎஸ் முழுக்க சார்ஜ் ஏறியபின் பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

நீ செய்யும்போது ஒன்றில் கவனமாக இரு. பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன, மயிரிழை மாதிரி. ஒன்று வளைந்தாலும் சிக்கல். மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைப் பார்த்து மெதுவாக வை, அழுத்தாதே. லீவரை இறக்கும்போது நறநறவென்று சத்தம் கேட்கும், அது இயல்புதான். பிராசசரின் சூட்டைக் கடத்த அதன்மேல் தடவும் பேஸ்ட் என்னுடையதில் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுசு வைத்தேன்.

பிராசசருக்குள் வேலை செய்யும் கோர் இரண்டிலிருந்து நான்கானதில், ஊர்க் கொடை வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய முன்பு ஐம்பது நிமிஷம் ஆனது இப்போது முப்பதுக்குள் முடிகிறது. விண்டோஸ் 11 இதற்கும் கிடையாது, இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும்; இது மூன்றாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டதால் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுவிட்டேன். உன்னிடம் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் என்றால் முதலில் அதற்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி வாங்கு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

சரி, மூடியைக் கழற்றி, போர்டில் அச்சடித்திருக்கும் மாடல் பெயரையும் வெர்ஷன் எண்ணையும் எழுதி அனுப்பு. அதற்கேற்ற பயாஸ் கோப்பை நான் தேடி வைக்கிறேன்.

உன்,
குமரன்