கோடையில் விவசாயிக்கு ஓய்வா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கோடைக்காலக் கட்டுரையில், "அறுவடை முடிந்து ஆறு வறண்டதும் டெல்டா விவசாயிக்கு ஓய்வு" என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் வைக்கோல் போர் ஒன்றின் படமும் போட்டிருந்தீர்கள். படத்துக்குக் கடைசியில் வருகிறேன். அந்த வரியைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பிறந்தது 1954. ஜனவரி 28ஆம் தேதி மேட்டூர் அணையை மூடுவார்கள், சில நாளில் எங்கள் பாமணி ஆறு மணலாகிவிடும். ஜூன் 12இல் அணை திறந்தால்தான் மறுபடியும் தண்ணீர். நடுவில் இருக்கிற நான்கரை மாதத்தைத்தான் நீங்கள் ஓய்வு என்கிறீர்கள். எங்களுக்கோ பள்ளிக்கூடம் விட்டதும் வேலை ஆரம்பம்.

தையில் அறுத்த சம்பாவைக் கையால் ஒரு தடவை அடித்துவிட்டுத் தாளைக் கட்டுப் போராக அடுக்கி வைத்துவிடுவார்கள். தாளில் மிச்சமிருக்கும் நெல் அதற்குள் புழுங்கிக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு அதைப் பிரித்துக் களத்தில் பரப்பி, மாடுகளை வரிசையாகத் தாம்பில் பிணைத்துச் சுற்றிச்சுற்றி மிதிக்க விடுவார்கள். பகலில் மாட்டுக்கும் ஆளுக்கும் தாங்காது, அதனால் பெரும்பாலும் நிலா வெளிச்சத்தில்தான் போரடி. பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. கையில் கொஞ்சம் வைக்கோலைச் சுருட்டிக்கொண்டு மாட்டின் பின்னாலேயே நடக்க வேண்டும். வாலைத் தூக்கினால் ஓடிப்போய்ச் சாணியை ஏந்திவிட வேண்டும், நெல்லில் விழக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் நான் தவறவிட்டு வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. விடிந்ததும் பெண்கள் வைக்கோலை உதறித் தள்ளுவார்கள். காற்று எழுந்தால் தூற்றல், காற்று விழுந்துவிட்டால் முறத்தோடு காத்திருப்பு. மரக்காலால் அளக்கும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், "லாபம்" என்றுதான் தொடங்குவார்கள்.

அதற்கப்புறம்தான் வைக்கோல் போர். இரண்டு மூன்று நாள் காயப்போட்டு, பாட்டி ஒரு பிடி எடுத்துக் காதருகே வைத்து முறுக்குவார். சத்தம் நொறுநொறுவென்று வந்தால்தான் போருக்குப் போகும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிக் கறுத்து, பூசணம் பிடித்து, மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போர் போட்ட மூன்றாம் நாள் பாட்டி தோள்வரை கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார். காய்ச்சல் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

அடியில் தென்னை மட்டையைப் பரப்புவது கரையானுக்கும் தரை ஈரத்துக்கும் பயந்து. கீழே நிற்பவர்கள் கவையால் தூக்கிப் போட, மேலே நிற்பவர் வாங்கி மிதித்து மிதித்து அடுக்குவார். சூட்சுமம் எல்லாம் மேலே நிற்பவரிடம்தான். நடு எப்போதும் மேடாக இருக்க வேண்டும், தாளின் நுனி வெளிப்பக்கம் சரிய வேண்டும். ஏற ஏறப் போர் வயிறு பெருத்து வந்து பிறகு உச்சியில் ஒடுங்கும். அப்போதுதான் மழைத்தண்ணீர் அடியை நனைக்காமல் தள்ளி விழும். முடிந்ததும் பக்கங்களைக் கையால் வாரிவிட்டு, வைக்கோல் பிரி திரித்துக் குறுக்கே போட்டு நுனியில் செங்கல் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐப்பசி அடைமழையிலும் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் நனையாது.

எங்கள் போரை வருஷா வருஷம் போட்டவர் ஒருவரே. அப்பாவைவிட மூத்தவர். நாங்கள் பொடிசுகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அப்போது உறைக்கவில்லை, இதை எழுதும்போது உறைக்கிறது. அவ்வளவு பெரிய போரை எங்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக் கூரை மேய நாலு கட்டு வைக்கோலுக்கு எங்கள் திண்ணைக்குக் கீழே வந்து நிற்பார். உங்கள் கட்டுரை சொல்லும் ஓய்வு அவருக்கு எந்த மாதத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வைக்கோலில் இருக்கும் அரிப்புத் தூசியை, அதுதான் சுணை, அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் அரிக்கும். குளிக்க ஆற்றில் தண்ணீர் கிடையாது. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊற ஊறச் செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வோம். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய்.

நடுவில் உளுந்து வேறு. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே ஈர வயலில் தெளித்துவிட்டது, பங்குனியில் முற்றி நிற்கும். நெற்று வெடிக்காமல் இருக்க, பனி ஈரம் காய்வதற்குள் விடிகாலையிலேயே செடியைப் பிடுங்கியாக வேண்டும். அடித்த பிறகு மிஞ்சுகிற பொட்டுக்கு மாடுகள் வைக்கோலையே மறந்துவிடும். ராமநாதபுரத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்து தரிசில் ஆட்டுக்கிடை போடுவதும், குளத்து வண்டலை வண்டியில் அடிப்பதும், எருக்குழியை வெட்டி வயலுக்கு ஏற்றுவதும் இதே கோடையில்தான். சித்திரை முதல் நாள் நல்லேர் என்று வருஷத்தின் முதல் ஏரைக் கட்டிவிட்டால் அப்புறம் உழவு.

அறுபதுகளின் பிற்பாதியில் குறுவைப் பட்டத்துக்கு ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தது, பிறகு ஐ.ஆர். 8. நெல் கூடியது, அதில் யாருக்கும் குறையில்லை. தாத்தா மட்டும் முணுமுணுத்தார். தாள் குட்டையாகிவிட்டது, பிரி திரிக்கக்கூட நீளம் போதவில்லை என்று.

இப்போது அறுக்கிறதும் எந்திரம், வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிறதும் எந்திரம். உருளை உருளையாக லாரியில் ஏறி வெளியூர் போய்விடுகிறது. ஒற்றைப் பசு வைத்திருக்கும் என் தம்பி மகன், அவன் வயலில் விளைந்த வைக்கோலையே கட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிப் போடுகிறான். எந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த முதுகுவலியும் அரிப்பும் என் பேத்திக்கு வேண்டாம்.

கடைசியாக, அந்தப் படம். உச்சியில் நடுப்பக்கம் குழிந்திருக்கிறது, இடதுபக்கத் தாள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். போட்டவர் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது தாள் குட்டையாக இருந்திருக்க வேண்டும். அவர் யாரென்று உங்கள் புகைப்படக்காரருக்குத் தெரியுமென்றால் தயவுசெய்து சொல்லிவிடச் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் உச்சியைப் பிரித்து மறுபடி போட்டுக்கொள்ளலாம், அரை நாள் வேலைதான்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்து வாசகி ஒருத்தி
(இப்போது இருப்பது தாம்பரத்தில், மகன் வீட்டில்)